குறையும் கையெழுத்தும்

1

தமிழில் மார்பைப் பாடாத நூற்றாண்டு இல்லை. உலாக்காரர்களும் கலம்பகக்காரர்களும் அதற்கு உவமை தேடிக் களைத்திருக்கிறார்கள். கோங்கரும்பு, செப்பு, யானைக்கொம்பு, குன்று என்று நீளும் அந்தப் பட்டியலைப் பண்டிதர்கள் வகுப்பில் வேகமாகப் புரட்டிக்கொண்டு போய்விடுவது வழக்கம். சரித்திரம் பார்க்கிறவனுக்கு உவமைகளால் அதிகப் பிரயோஜனம் இல்லை. அவனுக்குச் சம்பவங்கள் வேண்டும்.

சம்பவங்களை வரிசைப்படுத்திப் பார்ப்போம். நற்றிணையில் பேசப்படும் திருமாவுண்ணி ஒரு முலையை அறுத்துக்கொண்டவள். புறநானூற்றுத் தாய், தன் மகன் புறமுதுகு காட்டினான் என்பது உண்மையானால் அவன் பால் குடித்த முலையை அறுத்தெறிவதாகச் சூளுரைத்து வாளோடு களத்துக்குப் போகிறாள். கண்ணகி இட முலையைத் திருகி எறிகிறாள், மதுரை எரிகிறது. காரைக்காலம்மையார் உடம்பின் வனப்பை உதறிப் பேயுருவை வேண்டிப் பெறுகிறார். மூன்று முலைகளோடு பிறந்த தடாதகைக்குச் சிவனைக் கண்ட மாத்திரத்தில் ஒன்று மறைந்துபோகிறது.

மேடைகளில் தமிழ்ப் பெண்ணின் பெருமைக்கு உதாரணங்களாக ஓயாமல் சொல்லப்பட்டவை இவை. அடுக்கி வைத்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது வேறு. பெண் உரத்துப் பேசுகிற கணமும் அவள் மார்பை இழக்கிற கணமும் இங்கே பெரும்பாலும் ஒன்றாக இருக்கின்றன. அறுத்தோ, எறிந்தோ, வற்ற வைத்தோதான் அவளுக்குக் குரல் கிடைக்கிறது. தடாதகை விஷயத்தில் இது தலைகீழ்: மூன்றாவது மறைந்ததும் திக்விஜயம் செய்த அரசி நாணிக் குனியும் மணப்பெண்ணாகிவிடுகிறாள். இரண்டு வகையிலும் கணக்கு கழித்தல் கணக்குத்தான். தனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்ட பெண்ணுக்கு நம் மரபின் பெரிய கதைகளில் இடமில்லை.

அவள் இப்போது நம்மிடையே இருக்கிறாள். மார்பைப் பெரிதாக்கிக்கொள்ளும் அறுவைச் சிகிச்சைக்குத் தன்னைத் தயார் செய்துகொண்டிருக்கும், வயது வந்த, சம்பாதிக்கிற பெண். அவளைப் பற்றி நம்மிடம் இரண்டு அபிப்பிராயங்கள் முன்கூட்டியே தயாராக உள்ளன. ஒன்று கேலி. மற்றது, விளம்பர நாகரிகத்துக்குப் பலியான அபலை என்கிற அனுதாபம். இந்த இரண்டுக்குமே அவளோடு பேச வேண்டிய அவசியம் ஏற்படுவதில்லை. அவள் எந்தச் சரித்திரத்தின் முனையில் வந்து நிற்கிறாள் என்று பார்ப்பது இரண்டையும்விட உபயோகமான காரியம் என்று நினைக்கிறேன். அவள் உடம்பில் ஒரு 'குறை' இருப்பதாக முதலில் எழுதியது யார் என்பதே என் கேள்வி.

2

நான் ஒசூரில் வங்கிக் குமாஸ்தா. கடன் விண்ணப்பத்தில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஓர் ஊரின் சமூக சரித்திரத்தை அந்தக் கட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டே எழுதிவிடலாம். ராகியும் ரோஜாவும் விளைந்த இந்த மேட்டு நிலத்துக்கு 1970களின் நடுவில் சிப்காட் வந்தது. 1980இல் அசோக் லேலண்ட் லாரிகளும் டிவிஎஸ் மொபெட்டுகளும் இங்கிருந்து புறப்பட்டன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் டைட்டனின் கடிகாரங்களும் சேர்ந்துகொண்டன. கறவை மாடு, கிணறு, தங்கை கல்யாணம் என்றிருந்த கட்டத்தில் மனையும் இருசக்கர வாகனமும் பிள்ளையின் பொறியியல் படிப்பும் ஏறின. இப்போது 'மருத்துவச் செலவு' என்று எழுதி வருகிற விண்ணப்பங்கள் எல்லாமே வியாதி சம்பந்தப்பட்டவை என்று சொல்வதற்கில்லை.

அப்படி வந்த ஒருவர் என்னிடம் மறைக்காமல் சொன்னார். அடையாளம் தெரியும்படியான எதையும் இங்கே எழுதப்போவதில்லை. "வியாதி ஒண்ணும் இல்ல சார். எனக்காகச் செஞ்சிக்கறேன். கடன் வாங்கற இடத்துல பொய் எழுத வேண்டாமேன்னு சொன்னேன்" என்றார். பெங்களூரில் ஒரு சர்ஜன். இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அதுவரை வீட்டில் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு: அரிசியை அளந்து, மெல்லிய உறையில் கட்டி, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு சமைப்பது, படியேறுவது, பஸ்ஸில் போவது. எந்த அளவு தனக்குச் சரிப்படும் என்று உடம்பே சொல்லட்டும் என்பதற்காக. சிலிக்கோன் பைகள் மில்லிலிட்டர் கணக்கில் வருகின்றன. 300 மில்லி என்றால் நம் பழைய உழக்குக்குச் சற்றுக் குறைவு. தானியம் அளக்கிற அளவை ஒரு பெண் தன் உடம்புக்கு எடுத்துக்கொண்டிருப்பதை எந்த உலாக்காரனும் கற்பனை செய்திருக்க மாட்டான்.

அவருடைய விண்ணப்பத்தில் சட்டப்படி எந்தச் சிக்கலும் இல்லை. தனிநபர் கடனுக்கு நோக்கம் ஒரு சம்பிரதாயம்தான். ஆனால் வேறு தாள்கள் அப்படிச் சும்மா விடுவதில்லை. வங்கிகளில் நாங்கள் விற்கும் மருத்துவ இன்ஷூரன்ஸ் பாலிசிகளில் விலக்குகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிறகு உறுப்பைச் சீரமைப்பதற்குப் பணம் உண்டு. தோற்றத்தை மாற்றுவதற்குக் கிடையாது. சரக்கு சேவை வரியிலும் இதே கோடுதான். பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம் இவற்றால் பாதிக்கப்பட்ட உடம்பை மீட்டால் அது மருத்துவம், வரி இல்லை. மற்றபடி அழகுக்கான அறுவை என்றால் வரி உண்டு. ஒரே கத்தி, ஒரே மயக்க மருந்து, ஒரே பை. நடுவில் ஒரு கோடு: இந்தப் பக்கம் 'சீரமைப்பு', அந்தப் பக்கம் 'அழகு'. எங்கேயிருந்து வந்தது இந்தக் கோடு?

3

அதற்குப் பதில் தேட ஒசூரை விட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. மூன்றாவது மைசூர் யுத்தத்தில், 1791 ஜூலையில், கார்ன்வாலிஸின் படை ஒசூரைப் பிடித்தது. இராயக்கோட்டையும் அதே மாதம் விழுந்தது. கிருஷ்ணகிரிக் கோட்டை மட்டும் தாக்குதலைத் தாங்கி நின்றது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் கம்பெனிக்குக் கைமாறியது. இன்று கன்டெய்னர் லாரிகள் ஊரும் இந்தக் கணவாய்களில் அன்று பீரங்கியும் அரிசியும் இழுத்தவை காளைகள். காளைகளை ஓட்டியவர்களின் பெயர்கள் சரித்திரத்தில் ஏறுவதில்லை. ஒரு பெயர் ஏறியது, அதுவும் மூக்கு போனதால்.

கோவாஸ்ஜி என்ற அந்த மராட்டியர் ஆங்கிலேயப் படையின் காளையோட்டி. திப்புவின் ஆட்களிடம் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பினார்கள். ஓராண்டுக்கு மேல் மூக்கில்லாமல் இருந்துவிட்டு, பூனாவுக்கு அருகில் செங்கல் சூளைத் தொழில் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவரிடம் புது மூக்கு செய்துகொண்டார். பம்பாய் ராஜதானியின் ஆங்கிலேய வைத்தியர்கள் இருவர் கூட இருந்து பார்த்தார்கள். லண்டனில் 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' 1794 அக்டோபரில் படத்தோடு அதைப் பிரசுரித்தது. அதைப் பின்தொடர்ந்து ஜோசப் கார்ப்யூ என்ற சர்ஜன் 1814இல் லண்டனில் அதே சிகிச்சையைச் செய்து, 1816இல் புத்தகமாக எழுதினார். ஐரோப்பாவின் நவீன பிளாஸ்டிக் சர்ஜரி தொடங்கும் இடங்களில் இது ஒன்று.

சூளைக்காரர் செய்த முறையைக் கவனிக்க வேண்டும். கத்தியை எடுப்பதற்கு முன்னால் மெழுகை எடுத்தார். மெல்லிய மெழுகுத் தகட்டை மூக்கு இருந்த இடத்தில் வைத்து மூக்கின் வடிவத்துக்கு வளைத்தார். பிறகு அதைத் தட்டையாக்கி நெற்றியின்மேல் வைத்துச் சுற்றிலும் கோடு போட்டார். அந்தக் கோட்டின் மேல்தான் வெட்டு. நெற்றித் தோலைப் புருவங்களுக்கு நடுவே ஒரு சிறு காம்பு மட்டும் ஒட்டியிருக்கும்படி உரித்துத் திருப்பி, மூக்கின் இடத்தில் பொருத்தினார். தையல் இல்லை, காசுக்கட்டியைக் குழைத்துத் தடவிய துணிப்பட்டைகள்தான். காம்பு வழியாக ரத்தம் ஓடிப் புது இடத்தில் தோல் பிடித்துக்கொண்டபின் காம்பை அறுத்துவிட்டார்.

கோவாஸ்ஜிக்கு இரண்டு வெட்டுகள். கை போனால் பிழைப்பு போகிறது. மூக்கு போனால் மானம் போகிறது. மூக்கறுபட்டான் என்று நாம் இன்றும் சொல்கிறோம். பதினேழாம் நூற்றாண்டில் மைசூருக்கும் மதுரைக்கும் நடந்த சண்டைக்கு மூக்கறுப்புப் போர் என்றே பெயர். மூச்சு விடுவதற்கு அவருக்குப் புது மூக்கு தேவைப்படவில்லை, மனிதர்கள் முன்னால் நிற்பதற்குத்தான் தேவைப்பட்டது. நம் வரிச்சட்டத்தின் பாஷையில் இது சீரமைப்பா, அழகா? காயத்தால் வந்தது என்பதால் சீரமைப்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர் தேடிப்போனது தோற்றத்தை. கோடு ஆரம்பத்திலேயே இவ்வளவு கலங்கலாகத்தான் இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் தெளிவு: தன் குறை எது என்று சொன்னது கோவாஸ்ஜி. சூளைக்காரர் அளவெடுத்தார்.

4

மார்பின் விஷயத்தில் இந்த வரிசை தலைகீழானது. முதல் முயற்சி காயத்தை மூடுவதாகத்தான் இருந்தது. 1895இல் ஹைடல்பர்க்கில் வின்சென்ஸ் செர்னி என்ற சர்ஜன், கட்டி ஒன்றை அகற்றியதால் ஒரு பெண்ணின் மார்பில் ஏற்பட்ட பள்ளத்தை, அவள் முதுகிலேயே இருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து நிரப்பினார். அதன் பிறகு பாரஃபின் மெழுகை ஊசியில் ஏற்றினார்கள். அது உடம்புக்குள் இடம் மாறியது, கட்டி தட்டியது, புண்ணாகியது. சூளைக்காரரின் மெழுகு உடம்புக்கு வெளியே இருந்தது என்பதை நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

1962இல் அமெரிக்காவில், டெக்ஸாஸின் ஹூஸ்டன் நகரத்தில், டிம்மி ஜீன் லிண்ட்ஸி என்ற பெண் ஏழைகளுக்கான ஜெபர்ஸன் டேவிஸ் மருத்துவமனைக்குப் போனார். ஆறு குழந்தைகளின் தாய். மார்பில் குத்தியிருந்த பச்சையை அகற்ற வேண்டும் என்பதுதான் அவருடைய தேவை. தாமஸ் க்ரோனின், ஃப்ராங்க் ஜெரோ என்ற இரு சர்ஜன்கள் சிலிக்கோன் ஜெல் நிரப்பிய பை ஒன்றை உருவாக்கியிருந்தார்கள். நாய் ஒன்றுக்குப் பொருத்திப் பார்த்தாகிவிட்டது. மனுஷி ஒருத்தி தேவைப்பட்டாள். லிண்ட்ஸியிடம் கேட்டார்கள். தன் மார்பைப் பற்றி அவருக்கு அப்படியொரு மனக்குறை இருக்கவில்லை. துருத்திக்கொண்டிருக்கும் காதுகளைச் சரி செய்தால் தேவலை என்றார். காதையும் சேர்த்துச் செய்வதாக ஒப்பந்தமாயிற்று. சிலிக்கோன் பை பொருத்தப்பட்ட உலகின் முதல் பெண் இப்படித்தான் உருவானார்.

இந்தச் சம்பவத்தின் அர்த்தம் அந்தக் காதுகளில் இருக்கிறது. அவர் தன் குறையைத் தானே சொல்லத் தெரிந்தவர். சொல்லவும் செய்தார். அவருடைய தாளில் எழுதப்பட்டது வேறொருவருடைய குறை. இருபது வருஷங்களில் இது தனி ஒருத்தியின் கதையாக இல்லாமல் போயிற்று. 1982இல் அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்களின் சங்கம் அரசாங்கத்தின் உணவு மருந்து நிர்வாகத்துக்கு எழுதியபோது, சிறிய மார்பு என்பது ஊனம், உண்மையில் அது ஒரு நோய் என்றே வாதிட்டது. சரக்கு சந்தைக்கு வந்தபின் நோய்க்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

1992இல் அதே நிர்வாகம் சிலிக்கோன் ஜெல் பைகளை நிறுத்தி வைத்தது. பாதுகாப்பு நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். அப்போதும் அந்தக் கோடு வந்துவிட்டது: புற்றுநோயால் மார்பை இழந்தவர்களுக்கு ஆராய்ச்சியின் பேரில் கிடைக்கும், பெரிதாக்கிக்கொள்ள விரும்புகிறவர்களுக்குக் கிடைக்காது. ஆபத்து இரண்டு உடம்புக்கும் ஒன்றுதான். தகுதி மட்டும் வேறு. 2006இல் தடை நீங்கியபோது, சீரமைப்புக்கு வயது வரம்பு இல்லை, பெரிதாக்கிக்கொள்ள 22 வயது முடிந்திருக்க வேண்டும் என்றது நிர்வாகம். உப்புநீர் நிரப்பிய பைக்கு 18 போதும். வயது வந்த பெண் என்பவள் எந்த வயதில் வருகிறாள் என்பதும் பைக்குள் இருக்கும் பொருளைப் பொறுத்ததாகிவிட்டது.

பிரான்ஸில் பிஐபி என்ற கம்பெனி மருத்துவத் தரம் இல்லாத, தொழிற்சாலைகளுக்கான சிலிக்கோனைப் பைகளில் நிரப்பி விற்று 2010இல் பிடிபட்டது. 65 நாடுகளில் சுமார் 3 லட்சம் பெண்கள். முதலாளி ஜான் க்ளோட் மாஸுக்கு 2013இல் நான்கு வருஷ சிறைத் தண்டனை. சிப்காட் வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தரக்கட்டுப்பாட்டு ஆய்வாளர் வரும் நாளன்று மட்டும் நல்ல சரக்கைக் காட்டுவது என்ன என்பது நமக்குத் தெரியும். 2019இல், சொரசொரப்பான மேற்பரப்பு கொண்ட ஒரு வகைப் பையைச் சுற்றி அபூர்வமாக ஒரு நிணநீர்ப் புற்றுநோய் உண்டாவது தெரிந்து, அதைத் தயாரித்த அல்லெர்கன் கம்பெனி உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. 2021இல்தான் இந்தச் சரித்திரத்தில் ஒரு மரியாதையான தாள் பிறந்தது. ஒவ்வோர் ஆபத்தையும் தனித்தனி வரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பெண் கையொப்பம் போட வேண்டும், சர்ஜனும் போட வேண்டும், அது இல்லாமல் பையை விற்கக் கூடாது என்று அமெரிக்க நிர்வாகம் உத்தரவு போட்டது. முதல் பெண்ணிலிருந்து இந்தத் தாள்வரை 59 வருஷங்கள்.

5

நம் பக்கம் திரும்புவோம். பெண்ணின் மார்பு பற்றி அரசாங்கம் ஆணை பிறப்பிப்பது இந்த மண்ணில் புதிது அல்ல. தென் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் அடியும் தீயும் பட்ட பிறகு, 1859 ஜூலை 26இல் மகாராஜாவின் பிரகடனம் வந்தது. மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக் கூடாது. உரிமை கிடைத்தது, அளவு அரண்மனையிலேயே தங்கிவிட்டது.

2018 பிப்ரவரியில் அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஏழைப் பெண்களுக்கு மார்பகச் சீரமைப்போடு அழகுக்கான சிகிச்சையும் இலவசமாகச் செய்யப்படும் என்று அறிவித்தார். பணக்காரர்களுக்குக் கிடைப்பது ஏழைக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பது அதன் தர்க்கம். பொதுப்பணம் உயிர்காக்கும் சிகிச்சைக்கு அல்லவா போக வேண்டும் என்பது எதிர்த்தரப்பு. பத்திரிகைகள் சில நாள் பேசிவிட்டு மறந்துவிட்டன.

அந்த மருத்துவமனையின் பூர்வீகத்தை நினைவுபடுத்திக்கொண்டால் இந்த விவாதம் வேறு தளத்துக்குப் போகும். 1970களின் ஆரம்பத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி ஸ்டான்லியில் கைகளுக்கான அறுவைச் சிகிச்சையையும் பிளாஸ்டிக் சர்ஜரியையும் ஒரு தனித் துறையாக வளர்த்தார். பிரஸ்ஸில் நசுங்கிய, பெல்ட்டில் சிக்கிய, வெட்டுப்பட்ட கைகள். தமிழ்நாடு தொழில்மயமானபோது அது கொடுத்த விலையின் கணக்கு அங்கே தைக்கப்பட்டது. கோவாஸ்ஜிக்கு மூக்கைத் திருப்பிக் கொடுக்க முடிந்த காலத்தில் கையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. இங்கே கையும் மீண்டது. பிழைப்புக்கான கையும் மானத்துக்கான மூக்கும் ஒரே துறையின் கூரைக்குக் கீழ் வந்த பிறகு, மார்பு மட்டும் அந்நியமா என்று கேட்கலாம். எனக்கு அந்த அறிவிப்பில் ஆட்சேபம் இல்லை. கவலை வேறு இடத்தில்.

ஹூஸ்டனில் முதல் பை ஏழைகளின் ஆஸ்பத்திரியில் வைக்கப்பட்டது தற்செயல் அல்ல. ஏழையின் தாளில் குறையை எழுதுவது சுலபம். இலவசம் என்று வரும்போது 'வேண்டாம்' என்று சொல்வது கடினம். மேலும் இந்தப் பை ஆயுளுக்கும் நிலைப்பது அல்ல. சுற்றிலும் தழும்பு இறுகிக் கல்லாகலாம், கிழியலாம், மறுபடி அறுவை தேவைப்படலாம். பொருத்திய ஐந்து அல்லது ஆறு வருஷத்தில் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை என்பது அமெரிக்க நிர்வாகத்தின் யோசனை. ஷிஃப்டில் வேலை பார்க்கும், ஒப்பந்தத் தொழிலாளியான பெண்ணுக்கு அந்த லீவை யார் தருவார்கள்? முதல் அறுவை இலவசம், இரண்டாவது? கடனில் நாங்கள் அசலை மட்டும் சொல்லி வட்டியைச் சொல்லாமல் விட்டால் அது குற்றம்.

அரசு எழுதும் தாளின் இன்னொரு முகத்தைத் திருநங்கையர் அறிவார்கள். 2008இல் தமிழ்நாடு அவர்களுக்கென நல வாரியம் அமைத்தது. அரசு மருத்துவமனைகளில் இலவச அறுவைச் சிகிச்சைக்கும் வழி பிறந்தது. நாட்டில் முன்னோடியான காரியம். ஆனால் தான் பெண் என்பதை மனோவியாதி நிபுணரின் தாளில் வாங்கி வந்தால்தான் மேஜையில் ஏற முடியும் என்ற நிலை. பாலின அடையாளத்துக்கு அறுவையை நிபந்தனையாக்குவது சட்ட விரோதம் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. மார்பைக் கேட்டுப் பெறும் பெண் தமிழ் மரபில் இல்லை என்றேன். நிஜ வாழ்வில் அவளாக முதலில் வந்து நின்றவர்களில் இவர்களும் உண்டு. நாம் அவர்களை இலக்கியத்தில் எப்படிப் பார்த்தோம் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இந்த வட்டாரத்துக்கே உரிய ஒரு தாள் பற்றியும் சொல்ல வேண்டும். பெண் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 2001இல் அது தர்மபுரிக்கும் வந்தது. கிருஷ்ணகிரி அன்று தர்மபுரியின் பகுதி. 2004இல்தான் தனி மாவட்டம். அந்த வருஷங்களில் இங்கே பிறந்து தப்பித்த பெண்கள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். அசெம்ப்ளி லைனில் நிற்கிறார்கள், எங்கள் கவுன்டருக்கு வருகிறார்கள். உடம்பே குறையாகக் கருதப்பட்ட தலைமுறை. இவர்களில் ஒருத்தி தன் உடம்பைப் பற்றித் தானே ஒரு முடிவு எடுக்கும்போது, அந்த முடிவு நமக்கு ருசிக்கவில்லை என்பது அற்ப விஷயம்.

6

முடிவு அவளுடையதுதானா என்பது அற்பம் அல்ல. அதற்குத்தான் தயாராகும் காலம். அறுவைக்கு முன் சில வாரங்கள்: மார்பின் சுற்றளவும் தோலின் இழுவையும் அளக்கப்படுகின்றன. போட்டோ எடுக்கிறார்கள். வயதுக்குத் தகுந்தபடி மாமோகிராமோ அல்ட்ரா சவுண்டோ. புகையிலை பழக்கம் இருந்தால் வாரக்கணக்கில் முன்பே நிறுத்தியாக வேண்டும், புண் ஆறாது. ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டு நிறுத்த வேண்டும், ரத்தம் நிற்காது. வெட்டு எங்கே, பை தசைக்கு மேலா கீழா, நாளைக்குக் குழந்தைக்குப் பால் கொடுக்க நேர்ந்தால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இவையெல்லாம் உடம்புக்கான தயாரிப்புகள் என்றே நினைக்கிறோம். உண்மையில் ஒவ்வொன்றும் அவள் 'வேண்டாம்' என்று சொல்லித் திரும்பிவிடக்கூடிய ஒரு வாசல். சூளைக்காரரின் மெழுகு செய்த காரியத்தை இன்று அந்த அரிசி செய்கிறது. கத்திக்கு முன்னால் ஒரு யோசனை.

கடைசியில் கையெழுத்து. நம் ஆஸ்பத்திரிகளில் கணவனோ தகப்பனோ போட வேண்டும் என்ற வழக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைப் பலர் கவனிக்கவில்லை. பரிசோதனைக்காக மயக்க நிலையில் படுத்திருந்த ஒரு பெண்ணின் கர்ப்பப்பையை, வெளியே இருந்த தாயாரின் சம்மதத்தோடு அகற்றிவிட்டார்கள். அவர் வயது வந்தவர், சுய நினைவு திரும்பிச் சம்மதம் சொல்லக்கூடியவர். அவர் சார்பில் இன்னொருவர் சம்மதம் தரும் பேச்சுக்கே இடமில்லை என்றது நீதிமன்றம். கடனுக்கு ஜாமீன்தாரர் தேவைப்படலாம். உடம்புக்குத் தேவையில்லை.

ஆனால் கையெழுத்துப் போடப்படும் தாள் எந்த பாஷையில் இருக்கிறது? இது எல்லைப்புறம். வீட்டில் தெலுங்கு பேசி, பள்ளியில் தமிழ் படித்து, சந்தையில் கன்னடம் பேசுகிறவர்கள் நிறைந்த ஊர். அத்திப்பள்ளி தாண்டிப் போய்ப் படுக்கிறவளின் முன்னால் ஆங்கிலத்தில் ஒரு தாள் நீட்டப்படுகிறது. ஆங்கிலத்தில் பி.ஏ. படித்த எனக்கே அதில் பாதி வரிகளை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. புரியாத தாளில் போடும் கையெழுத்து, கைநாட்டைவிடக் கீழானது. கைநாட்டு வைக்கிறவருக்காவது யாராவது வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி.

இங்கே நம் சிறு வட்டத்துக்கு ஒரு வேலை இருக்கிறது. 2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' தொகுப்பு வந்தபோது எழுந்த கூச்சலை நாம் மறக்கவில்லை. ஒரு பெண் தன் மார்பைப் பற்றித் தானே எழுதினாள் என்பதுதான் அந்தக் கோபத்தின் அடியில் இருந்தது. கவிதையில் அந்த உரிமைக்காக வாதாடிய நம்மில் பலர், அறுவை மேஜைக்குப் போகிற பெண் என்றதும் முகம் சுளிக்கிறோம். கவிதையில் அவள் தன் உடம்பை எழுதலாம், ஆஸ்பத்திரித் தாளில் எழுதக் கூடாது என்பது என்ன விமர்சனம்? அளவுகோல் சந்தையிலிருந்து வந்தது என்று வாதம் செய்யலாம்; நானும் அதைத்தான் ஹூஸ்டன் கதையில் சொன்னேன். அந்த வாதம் அவளுக்கு எட்டும் பாஷையில், அவள் முடிவெடுக்கும் நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். முடிந்த பிறகு சொல்வது விமர்சனம் ஆகாது, வம்பு.

மார்புக்கு நூறு உவமை வைத்திருக்கும் மொழியில், அதைச் சுற்றித் தழும்பு இறுகிக் கல்லாவதைச் சொல்ல எல்லோருக்கும் புரிகிற ஒரு சொல் இல்லை. பை கிழிந்து வலியில்லாமல் உள்ளுக்குள்ளேயே கசிவதற்கு ஒரு சொல் இல்லை. 'இப்போது வேண்டாம், யோசித்து வருகிறேன்' என்பதற்குப் படிவத்தில் ஒரு கட்டம் இல்லை. இவற்றை எழுதுவது மொழிபெயர்ப்பு இலாகாவின் காரியம் என்று ஒதுக்கிவிட முடியாது. நல்ல உரைநடை தேவைப்படும் இடம் அது. ஆபத்து ஒவ்வொன்றும் தனித்தனி வரி. கடைசி வரியில், என்ன குறை, யாருக்குக் குறை என்று அவளே எழுதிக்கொள்ள வெற்றிடம். அந்த ஒரு பக்கத்தைத் தமிழில் நேராக எழுதிவிட்டோமானால், அதற்குக் கீழே விழும் கையெழுத்து அவளுடையதாக இருக்கும்.